றுக்கியா அனுப்பிய ஏழாவது கசெற்

என் தங்கை றுக்கியா பத்தாம் வகுப்புவரை படித்தவள். நான் ஐந்தோடு நின்றவள். பிள்ளைகளுக்குப் பேச்சு எப்படி வருகிறது என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் அனுப்பிய ஏழு கசெற்றுகளில் இருந்து தெரிந்துகொண்டதுதான்.

1980 தை மாதம் நான் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனேன். என் மகள் பரீனாவுக்கு அப்போது பதின்மூன்று மாதம். எங்கள் உம்மா மௌத்தாகி ஐந்து வருடம் ஆகியிருந்தது. என் புருஷன் ஆதம்பாவா கடலுக்குப் போகிறவர். கிண்ணியாவில் எங்கள் வீட்டிலிருந்த றுக்கியாவிடம்தான் பிள்ளையைக் கொடுத்தேன். இரண்டு வருடம் என்றேன். அவளுக்கு அப்போது இருபத்திரண்டு.

குவைத்துக்கு வருகிற ஊர் ஆட்களிடம் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு கசெற் கொடுத்தனுப்புவாள். நான் இருந்த வீட்டின் வெளிக்கதவு எப்போதும் பூட்டியிருக்கும், திறப்பு எஜமானியிடம். குசினிக்குப் பக்கத்தில் ஜன்னல் இல்லாத அறையில் இருந்து கேட்பேன். பரீனா சொல்வதை ஒன்றும் விடாமல் ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதி வைப்பேன்.

முதல் கசெற்றில் "வா", "தா" மட்டும். கோழி வந்தாலும் "கோழி வா", கோழியைக் கூப்பிட்டாலும் "கோழி வா". மூன்றாவதில் "போச்சு" வந்திருந்தது. வாப்பா போச்சு, மாடு போச்சு, சாச்சி போச்சு. சாச்சி என்றால் றுக்கியா. றுக்கியா ஒருநாளும் பிழை என்று சொல்லமாட்டாள். "ஓம் மகள், வாப்பா போயிட்டார்" என்று தன் பாட்டில் சரியாகச் சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போவாள். நாலாவதில் பிள்ளை "வாப்பா போயிட்டார்" என்றது. மாடும் "போயிட்டார்"தான். மாட்டுக்கு வந்த மரியாதையைக் கேட்டு அந்த அறையில் தனியே இருந்து சிரித்தேன். ஐந்தாவதில், "நான் சாப்பிட்டனான்" என்று சாச்சி சொல்வதைப் பிடித்துக்கொண்டு கோழி தின்றதையும் "கோழி சாப்பிட்டனான்" என்றது. ஆறாவதில் எல்லாம் தன் தன் இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டன. "மழை பெஞ்சா நனைஞ்சிருவன். சாச்சி ஏசுவா."

அந்த ஆறாவதோடு றுக்கியா ஒரு கடிதமும் வைத்திருந்தாள். மருத்துவிச்சிப் பயிற்சிக்கு அவளைத் தெரிவு செய்திருந்தார்கள். 1982 மார்ச் முதலாம் திகதி மட்டக்களப்பில் நிற்கவேண்டும். விடுதியில் தங்கிப் படிப்பது. பிள்ளையைக் கொண்டுபோக ஏலாது. இந்த முறை தவறினால், அடுத்த முறை ஆள் எடுக்கும்போது வயது கடந்துவிடும்.

நான் பதில் கசெற்றில் பேசினேன். "இனி எனக்குப் பயமில்லடி. புள்ள உன்னட்ட நல்லாக் கதைக்கப் பழகிட்டா. இன்னும் ரெண்டு வருசம் நிண்டா வீட்டுக்கு ஓடு போட்டிரலாம். படிப்பு எங்க ஓடப்போகுது, பொறகு பாப்பம்."

பிறகு என்று ஒன்று அவளுக்கு இல்லை என்பது கடிதத்திலேயே இருந்தது. பிள்ளை ஒரு சொல் கூடுதலாகப் பேசப்பேச அவளுக்கு வெளியே போகும் வழி அடைபட்டுக்கொண்டு வந்தது. அவள் எதிர்த்து ஒரு வரி எழுதவில்லை.

1982 ஜனவரி நடுவில் ஏழாவது வந்தது. பரீனாவுக்கு மூன்று வயது கடந்திருந்தது. "சாச்சி வா. பால் தா. கோழி போச்சு." பத்து நிமிடமும் இப்படியே. "வாப்பா எங்க மகள்?" என்று றுக்கியா கேட்க, "வாப்பா போச்சு" என்றது. காய்ச்சல் வந்து தலைக்கு ஏறிவிட்டதா, எங்காவது விழுந்துவிட்டதா?

முடியப்போகிற இடத்தில் கொஞ்சம் சத்தமில்லாமல் ஓடியது. பிறகு பரீனாவின் குரல், தெளிவாக:

"சாச்சி, நான் சின்னப் புள்ள மாதிரித்தானே கதைச்சனான்? இனி டொபி தருவீங்களா?"

டக்கென்று நின்றுவிட்டது.

கொப்பியை எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது கசெற்றில் பேசிய பேச்சைத்தான் பிள்ளைக்குத் திரும்பச் சொல்லிக்கொடுத்திருந்தாள். இரண்டு நாள் ஆத்திரத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் கோப்பை கழுவிக்கொண்டு நிற்கும்போதுதான், ஒரு பொய்யும் சொல்லத் தெரியாத றுக்கியாவை இந்த வேலை செய்ய வைத்தது யார் என்று யோசித்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை இன்னும் இரண்டு வருடத்துக்கு நான் கையெழுத்துப் போடவேண்டும். என் பாஸ்போட் எஜமானியின் அலுமாரியில். கசெற் போடும் றேடியோவைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்று ஏழாவதைப் போட்டேன். அவருக்குத் தமிழ் தெரியாது; ஆனால் நாலு பிள்ளை பெற்றவர். எனக்குத் தெரிந்த அரபியில், மகளுக்குப் பேச்சுப் போய்விட்டது என்றேன். டொபி கேட்கிற இடம் வருமுன் நிறுத்திவிட்டேன். மூன்று விரலைக் காட்டி, மூன்று வயதா என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். அழுகை தானாகவே வந்தது. அப்படியும் பாஸ்போட் கைக்கு வர ஒரு மாதம் சென்றது.

பெப்ரவரி இருபத்தைந்தாம் திகதி வீட்டுக்கு வந்தேன். பரீனா சாச்சியின் சீலைக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, "இவங்க ஆரு?" என்றாள்.

றுக்கியா தகரப் பெட்டியில் உடுப்பு அடுக்கும்போது கேட்டேன்.

"ஏண்டி, கடைசியில குட்டி சொன்னத நீ கேக்கல்லையா?"

"கேட்டனான் ராத்தா."

"பின்ன ஏன் அழிக்கல்ல?"

அவள் ஒரு சட்டையை மடித்து முடித்துவிட்டுத்தான் பேசினாள். "பொய்ய நம்பி நீங்க அங்க கிடந்து அழுவீங்களே எண்டு மனம் கேக்கல்ல. தெரிஞ்சிக்கிட்டு வாறதெண்டா வாங்க, வராட்டி நான் இருக்கன். அதான் விட்டன்."

"நல்ல கள்ளிடி நீ."

"உங்கட மகள் என்ன விடக் கள்ளி. பத்து நிமிசத்துக்கு நாலு டொபி கேட்டவ."

இருபத்தெட்டாம் திகதி காலை துறைக்குப் போனோம். பஸ்ஸையும் ஆட்களையும் அக்கரைக்கு ஏற்றுகிற பாதைப் படகு வந்து நின்றது. பரீனாவின் விரல்களைத் தன் சீலையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி என் கையில் தந்துவிட்டு றுக்கியா ஏறினாள். பாதை நகர்ந்த பிறகும் அவள் எங்கள் பக்கம் திரும்பவில்லை, திரும்பியிருந்தால் இறங்கியிருப்பாள்.

பரீனா அழுது முடிய நெடுநேரம் ஆனது. பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"நீங்க எப்ப திரும்பிப் போவீங்க? நீங்க போனாத்தானே சாச்சி வருவா."

மூன்று வயதில் இவ்வளவு திருத்தமாகப் பேசுகிற பிள்ளையை நான் வேறெங்கும் கண்டதில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.