தெளிந்த மனதோடு எழுதிய எங்கள் அக்கா

எங்கள் அக்கா கர்த்தரிடம் சென்று ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரை வாசிக்கும் உறவினர்களுக்கும் சபையாருக்கும் அவர்களை நன்றாகத் தெரியும். ஆனால் அக்கா வெளியே சொல்லாத ஒரு பயத்தையும் அது தீர்ந்த விதத்தையும் தம்பியாகிய நான் சொல்ல வேண்டும்.

அக்கா பாலவனத்தத்தில் பிறந்தார்கள். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர்கள். அப்பா மழையை நம்பிப் பருத்தி போட்டவர். மழை இல்லாத வருடங்களிலும் அக்கா இரவல் புத்தகங்களில் படித்து ஆசிரியை ஆனார்கள். திருச்சுழிப் பக்கம் ஒரு பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தார்கள். திருமணம் செய்துகொள்ளவில்லை. நம் ஆலயத்துக் கிறிஸ்துமஸ் நாடகத்தை வருடம் தவறாமல் அவர்களே எழுதினார்கள். அதில் ஏரோது ராஜாகூட நம்மூர்ப் பேச்சுதான் பேசுவான்.

ஓய்வு பெற்ற மூன்றாம் வருடம், பேச்சின் நடுவே வார்த்தை கிடைக்காமல் நிற்கத் தொடங்கினார்கள். எங்கள் அம்மா கடைசி ஆறு வருடம் பெற்ற பிள்ளைகளையே அடையாளம் தெரியாமல் இருந்து மறைந்தார். அவருக்கு ஊட்டிவிட்டது அக்காதான்.

ஒரு நாள் அக்கா நாடகம் எழுதும் நோட்டை என்னிடம் நீட்டினார்கள்.

"தம்பி, ஒரே காட்சிய மூணு தடவ எழுதியிருக்கேன். எழுதுனதே ஞாபகமில்ல. அம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்துருச்சு. இந்த வருசம் வேற யாரையாச்சும் எழுதச் சொல்லு."

"டாக்டரப் பாப்போம்க்கா."

"அவுக என்ன சொல்லப்போறாக? தெரியாமலே இருந்துக்கிறேன்."

நான்கு மாதம் இப்படியே போனது. ஒரு நாள் அருப்புக்கோட்டை பஸ் நிலையத்தில் எந்த பஸ் என்று தெரியாமல் நின்ற அக்காவைப் பழைய மாணவி ஒருத்தி வீட்டில் கொண்டுவந்து விட்டாள். மறுநாள் அக்காவே மதுரைக்குக் கிளம்பிவிட்டார்கள்.

எல்லாப் பரிசோதனைகளும் முடிந்த பிறகு டாக்டரம்மா சொன்னார்: "டீச்சர், அம்மாவுக்கு வந்த நோய் உங்களுக்கு இருக்கிற மாதிரி தெரியல. பி12 சத்து ரொம்பக் குறைஞ்சிருக்கு. காது மந்தம். தூக்கமும் சரியில்ல. மூணையும் சரி பண்ணிட்டுப் பாப்போம்."

திரும்பும் வழியில் காரியாபட்டி வந்ததும் அக்கா, "இறங்குவோம் தம்பி, பசிக்குது" என்றார்கள். மூன்று தோசை சாப்பிட்டார்கள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஊசியும் காதுக் கருவியும் வந்தன. அக்காவின் நாளும் மாறியது. விடிந்ததும் பக்கத்து வீட்டு மதினியோடு கண்மாய்க் கரையில் நடப்பார்கள். எட்டு முதல் பத்து வரை எழுத்து. அப்போது போன் பீரோவுக்குள் இருக்கும். மாலையில் ஆர்மோனியம் கற்றுக்கொண்டார்கள். ஒன்பதரைக்குப் படுத்துவிடுவார்கள்.

"உக்காந்தும் ஒண்ணும் வரலேன்னா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பத்து மணிக்கு எந்திரிச்சுப் போயிருவேன். நல்லாத் தூங்குனா மறுநா வந்துரும்."

ஆறு மாதத்தில் வார்த்தைகள் திரும்பின. அதன்பின் ஒன்பது நாடகங்கள் எழுதினார்கள்.

இதயம் தளர்ந்து படுத்த கடைசி வாரத்தில், பார்க்க வந்த ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரித்தார்கள். கடைசி நாள் காலை என்னிடம், "நாலாவது காட்சியில மரியாள் ரொம்பப் பேசுறா. ரெண்டு வரியக் குறைச்சிரு" என்றார்கள். குறைத்தேன். அந்தக் கிறிஸ்துமஸில் நாடகம் நன்றாக நடந்தது.

அந்த டாக்டரம்மாவுக்கும், கூட நடந்த மதினிக்கும், வீடு சேர்த்த மாணவிக்கும், ஜெபித்த சபையாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்கா பயந்தது நடக்கவில்லை. எங்கள் எல்லாரையும் அடையாளம் தெரிந்தே போனார்கள்.