ஆலுக்கி அண்ணியின் மூக்குச் சுருக்கம்

ஆலுக்கி என் அண்ணன் மனைவி. துப்பாக்கி பிடிப்பதில் வடதுருவத்தை ஒட்டிய எங்கள் பாஃபின் தீவில் அவளுக்கு இணையான ஆள் குறைவு. குண்டுத் தேனீக்களை ஆராயத் தெற்கிலிருந்து வந்தவர்கள் பனிக்கரடி வராமல் பார்க்கும் காவலுக்கு அவளைத்தான் வைத்துக்கொண்டார்கள். படகு என்னுடையது.

"தேனீ பின்னாடி ஓடுறவங்களுக்கெல்லாம் காவலா அண்ணி?"

"நீ கடல்ல சீல் வேட்டைன்னு ஓடி என்னத்தக் கிழிச்ச? மோட்டாரப் பாரு, தடியா."

டெஸ்மண்ட்தான் அவர்கள் தலைவன். நல்ல பையன். கோடை முடியப்போகிறது, ஒரு கூடுகூடச் சிக்கவில்லை என்று முகம் வாடிக் கிடந்தான். கடைசியில், ஊதாப் பூ மண்டிய ஒரு கற்குவியலுக்குள் தேனீ நுழைவதைப் பார்த்துவிட்டான்.

அந்தக் கற்களுக்கடியில் கிடப்பது என் அண்ணன் பாட்லூசி. உறைந்த மண்ணைத் தோண்ட முடியாமல், கரிபு மான் தோலில் சுற்றி மேலே கல் அடுக்கினோம். நட்ட சிலுவை காற்றோடு போயிற்று. கோடைதோறும் அண்ணி அங்கே டீ குடிக்க உட்காருவாள். உள்ளே தேனீக்கள் முனகும். "உங்கண்ணன் இன்னும் குறட்ட விடுறத நிறுத்தல" என்பாள்.

அன்று நான் கரையில் படகோடு இருந்தேன். அண்ணி, காவலுக்கு நிற்பவர்கள் நிற்கவேண்டியபடி, எல்லோருக்கும் முதுகு காட்டி மலைச்சரிவைப் பார்த்து நின்றாள்.

"அக்கா, இந்தக் கல்லையெல்லாம் எடுத்துப் பாக்கவா?" என்று டெஸ்மண்ட் கேட்டிருக்கிறான்.

எங்கள் ஆட்கள் சரி என்றால் புருவத்தைத் தூக்குவோம், கூடாது என்றால் மூக்கைச் சுருக்குவோம். அதற்குமேல் வாய் எதற்கு? அண்ணி மூக்கை நன்றாகவே சுருக்கினாள், மலையைப் பார்த்தபடி. அவனுக்குத் தெரிந்தது அவள் தலையை மூடிய மயிர்த்தொப்பிதான். அவள் மறுக்காததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

கல் உருளும் சத்தத்தில் அவள் திரும்பியபோது கூடு அவன் பெட்டிக்குள் இருந்தது.

"அக்கா, இங்க பாருங்க! கரிபு மயிருல மெத்த போட்டிருக்கு! இவ்வளவு மயிர் எங்கேர்ந்து புடிச்சுதோ!"

எங்கிருந்து என்று அவளுக்குத் தெரியும். குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தவனிடம் சொல்ல மனம் வரவில்லை. அவன் போனபின் கற்களைத் திரும்ப அடுக்கினாள்.

அடுத்த கோடையில் அங்கே காதை வைத்துப் பார்த்தாள். சத்தமே இல்லை.

"அவனுக்குத்தான் அறிவில்ல, அண்ணி. முன்னாடி வந்து மூஞ்சியப் பாத்துக் கேக்கணும்ல?"

"எனக்கு வாய் இருந்துச்சேடா."

இப்போது கடையில் பை வேண்டுமா என்று கேட்டாலும் "வேணாம்!" என்று கத்துகிறாள். வரிசையில் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். அவள் திரும்பிப் பார்ப்பதில்லை.