அண்ணனும் எருக்கு அண்ணியும்

எருக்கம்பூ மாலைக்கே மனம் இரங்குகிற எங்கள் ஊர்ப் பிள்ளையாரை முதலில் கும்பிட்டுக்கொள்கிறேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பிழை இருந்தால், ஒரு தங்கை தன் அண்ணனுக்காக எழுதியது என்று பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் அண்ணன் அவர்கள் குரும்பலூருக்குப் பக்கத்தில், எங்கள் நிலத்துக்குள்ளேயே இருக்கிற கொல்லை வீட்டில் பிறந்தார்கள். தகப்பனார் சீக்கிரமே தவறிவிட்டதால், ஏர் பிடித்ததும் வெங்காயம் போட்டதும் என்னைக் கட்டிக்கொடுத்ததும் எல்லாம் அவர்கள்தான். யாருக்கும் தீங்கு நினைக்காத மனசு. பஸ்ஸில் இடம் கிடைத்தால்கூட உடனே உட்கார மாட்டார்கள். "இங்க யாராச்சும் வராங்களா?" என்று நாலு பக்கமும் கேட்பார்கள். கேட்டு முடிப்பதற்குள் வேறொரு ஆள் உட்கார்ந்திருப்பார். பெரம்பலூர் வரைக்கும் நின்றுகொண்டே போவார்கள்.

கல்யாண விஷயத்தில்தான் சாமி மிகவும் சோதித்துவிட்டது. முதல் அண்ணி பிரசவத்தில் போய்விட்டார்கள்; பிள்ளையும் தங்கவில்லை. இரண்டாவது அண்ணியைக் காமாலை கொண்டுபோனது. அதன் பிறகு அண்ணன் பெண் என்ற பேச்சையே எடுக்கவிடவில்லை. எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம்தான் சொந்தக்காரர்கள் மல்லுக்கட்டி, கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில் முந்திரிக்காடு வைத்திருந்த ஒரு குடும்பத்தில் பெண் பேசினார்கள். இப்போது இந்த நினைவு மலரை உங்கள் கையில் கொடுக்கிற அண்ணி அவர்கள்தான் அந்தப் பெண்.

ஜாதகம் பார்த்த சோசியர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"மூணாந்தாரம் நிக்காதுங்க. மொதல்ல ஒரு வெள்ளெருக்குக்குத் தாலி கட்டிடுங்க. கட்டின கையோட வெட்டிப் போட்டுடுங்க. தோஷம் அதோட போயிடும். இந்தப் பொண்ணு நாலாந்தாரம் ஆயிடும், ஒண்ணும் ஆவாது."

அண்ணியின் தாயார் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். பெற்ற வயிறு அல்லவா?

ஆக, எங்கள் குடும்பம் எருக்கஞ்செடியைப் பெண் பார்க்கப் போயிற்று. ஊதாப்பூ எருக்கு வண்டிப்பாதை எங்கும் நிற்கும். வெள்ளைப்பூ தேடினால்தான் கிடைக்கும். கடைசியில் எங்கள் கொல்லையின் கோடியிலேயே, புல்கூட முளைக்காத சரளை மேட்டில், ஆள் உயரத்துக்கு ஒன்று நின்றுகொண்டிருந்தது. இலையெல்லாம் மாவு பூசியது போல இருந்தது. எங்கள் பங்காளி ஒருவர் ஒரு இலையை ஒடித்துப் பார்த்துவிட்டு, "பொண்ணு நல்ல நெறம். பாலும் கொட்டுது. இனிமே வூட்டுக்கு மாடு வாங்க வேணாம்" என்றார். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "ஒடிக்காதடா, வலிக்கப் போவுது" என்றார்கள்.

ஆவணியில் முகூர்த்தம். முதல் நாள் எருக்குக்கு, மறுநாள் அண்ணிக்கு. செடிக்கு மஞ்சள் பூசி, பாவாடைத் துணி சுற்றி, அண்ணன் தாலி கட்டினார்கள். நாத்தனார் முடிச்சு நான்தான் போட்டேன். கயிறு இழுத்ததில் பட்டை கீறிப் பால் வடிந்து, கை பிசுபிசு என்று ஒட்டிக்கொண்டது. அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்று என்னை ஓட ஓட விரட்டிக் கை கழுவ வைத்தார்கள்.

பிறகு அரிவாளை அண்ணன் கையில் கொடுத்தார்கள். அவர்கள் அதை வாங்கிச் செடியைப் பார்த்தார்கள். அப்புறம் கீழே வைத்துவிட்டார்கள்.

"ரெண்டு பேரைத் தூக்கிட்டுப் போய் வெச்சுட்டு வந்தவன் நான். மூணாவதா ஒருத்திக்குத் தாலி கட்டி, மஞ்ச ஈரம் காயறதுக்குள்ள நானே வெட்டணுமா? என்னால ஆவாதுங்க."

"யோவ், அது செடிய்யா!" என்றார் சோசியர்.

"செடின்னா தாலி எதுக்குங்க கட்டச் சொன்னீங்க?"

சோசியர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பந்தல் போட்டாயிற்று, அரிசி களைந்தாயிற்று. வேறு வழி இல்லாமல் கல்யாணம் நடந்தது. ஆனால் அண்ணியின் தாயார் பஸ் ஏறும்போது கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்: "மாப்புள, பொங்கலுக்குள்ள அது போயிடணும். இல்லாட்டி எம்பொண்ணு என்னோட வந்துடுவா. ஒரு செடிக்காக அவளை வாரிக் குடுக்க முடியாது."

அண்ணன் என்ன செய்தார்கள் தெரியுமா? தாலி கட்டிய கடமை என்று எருக்கைச் சுற்றிப் பாத்தி கட்டி, தினமும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். மாட்டுச் சாணியை வண்டியில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். வெங்காயத்துக்குக்கூட அந்தக் கவனிப்பு கிடைக்கவில்லை. ஒரு மாதம் போனதும் இலை பழுத்தது. அண்ணன் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார்கள். இலை உதிர்ந்தது. இன்னும் ஊற்றினார்கள்.

சேதி கேட்டு அண்ணியின் தாயார் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்கள். வெட்டாமலே தோஷம் கழிகிறது என்று சோசியருக்கும் சந்தோஷம். ஊரே நிம்மதியாக இருந்தபோது அண்ணன் மட்டும் சாப்பாட்டை நிறுத்திவிட்டார்கள். "மூணாவதும் போவுது பாரு. என் கை ராசி அப்படி" என்று கட்டிலில் படுத்துவிட்டார்கள்.

அண்ணி புதுப்பெண். எழுந்து சாப்பிடச் சொல்லிப் பார்த்தார்கள், அழுதும் பார்த்தார்கள். ஒருநாள் காலை மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சரளை மேட்டுக்குப் போய்விட்டார்கள். நானும் பின்னாலேயே ஓடினேன், வெட்டத்தான் போகிறார்கள் என்று.

அண்ணி சாணியை எல்லாம் வாரி வெளியே எறிந்தார்கள். பாத்தியை உடைத்துத் தண்ணீரை வடியவிட்டார்கள். அழுகின வேரை அறுத்துப் போட்டு, வாடின கிளைகளைக் கழித்து, சுற்றிலும் சரளைக் கல்லை அள்ளிப் போட்டார்கள். அப்புறம் வீட்டுக்கு வந்து கட்டில் முன்னால் நின்று சத்தம் போட்டார்கள்.

"பொறம்போக்குல பொறந்த பொண்ணுங்க அது! கல்லும் வெயிலும் இருந்தா போதும். ஆடு தின்னாது, மாடு தின்னாது, மழை இல்லாட்டியும் பூக்கும். ஊத்தி ஊத்தியே கொல்லப் பாத்தீங்களே! இனிமே கொடத்தைத் தூக்கிட்டு அந்தப் பக்கம் போனா பாருங்க!"

அண்ணன் எழுந்து உட்கார்ந்தார்கள். "பொழைச்சுக்குமா?" என்றார்கள்.

"நீங்க சாப்புட்டா பொழைச்சுக்கும்."

அன்றைக்குச் சாப்பிட்டார்கள். மார்கழியில் அடித்தண்டிலிருந்து துளிர் வந்தது.

பொங்கல் சீரோடு வந்த அண்ணியின் தாயார், செடியில் கை அகல இலையைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்கள். "அடிப்பாவி, உன் ஆயுசுக்காக அது சாவணும்டி! அதுக்குப் போயி நீயே வைத்தியம் பாத்தியா?"

அண்ணி நிதானமாகச் சொன்னார்கள்: "அது செத்தாத்தான் நான் பொழைப்பேன்னு சோசியரு சொல்றாரு. அது செத்தா இவரு எந்திரிக்க மாட்டாருன்னு என் கண்ணு சொல்லுது. நான் எதைம்மா நம்புறது?"

"கெளம்புடி வூட்டுக்கு" என்று அந்த அம்மாள் ஒரு எட்டு வைத்தார்கள். அவ்வளவுதான், குதிகாலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பல நாளாகக் குதிவாதம். கோபத்தில் பஸ் நிறுத்தத்திலிருந்து வேகமாக வேறு நடந்து வந்திருந்தார்கள். அண்ணி ஒரு செங்கல்லைச் சுட வைத்து, அதன்மேல் பழுப்பு இலை நாலைப் பரப்பி, தாயாரின் காலை அதில் மெள்ள வைத்து வைத்து எடுக்கச் சொன்னார்கள்.

"நல்லா எதமா இருக்குடி. என்ன எலை இது?"

அண்ணி என்னைப் பார்த்தார்கள், நான் அண்ணனைப் பார்த்தேன். கடைசியில் அண்ணன்தான் சொன்னார்கள்: "உங்க மூத்த பொண்ணு குடுத்ததுங்க அத்தை."

அந்த அம்மாள் காலை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு வரும்போதெல்லாம் போகும்போது ஒரு மடி இலை கட்டிக்கொண்டு போனார்கள். பெண்ணைக் கூட்டிப் போகிற பேச்சை விட்டுவிட்டார்கள்.

அண்ணி அந்தச் செடியை "அக்கா" என்றுதான் கூப்பிட்டார்கள். ஆடிப்பெருக்கில் தனக்குத் தாலிக்கயிறு மாற்றும்போது அக்காவுக்கும் மாற்றினார்கள். விநாயகர் சதுர்த்திக்கு ஊரே பூப்பறிக்க வரும். ரதசப்தமிக்குத் தலையில் இலை வைத்துக் குளிப்போம். காலில் ஏறின முள் வெளியே வரவேண்டுமா, பால் ஒரு சொட்டு. அண்ணன் ஒவ்வொரு தடவையும் செடியிடம் கேட்டுக்கொண்டுதான் பறிப்பார்கள். காய் வெடித்தபோது பஞ்சை எடுத்து அண்ணிக்குத் தலையணை அடைக்கப் பார்த்தார்கள். பட்டு மாதிரி பஞ்சு. பாதி வீடெல்லாம் பறந்து சாம்பார்ச் சட்டியிலும் விழுந்தது. வரிவரியாய்ப் புழு வந்து இலையைத் தின்றபோது அண்ணன் பதறினார்கள். அண்ணி என்னைப் பார்த்துக்கொண்டே, "விடுங்க, நாத்தனா வூட்டுப் புள்ளைங்க மாதிரி நாலு நாளு தின்னுட்டு, பட்டாம்பூச்சியாப் பறந்துடும்" என்றார்கள். என் பிள்ளைகள் அப்போது அங்கேதான் முறுக்குத் தின்றுகொண்டிருந்தன.

சாமி புண்ணியத்தில் அண்ணிக்கு ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்து, இருவரும் நன்றாக இருக்கிறார்கள். போன வருஷம் நெஞ்சுவலி வந்து, யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல், அண்ணன் சாமியடி சேர்ந்தார்கள்.

காரியத்தன்று பெரியவர்கள், செடியின் கயிற்றையும் அறுத்துவிட வேண்டும், முடிச்சுப் போட்டவளே அவிழ்க்கட்டும் என்றார்கள். அழுதுகொண்டே போய்க் கயிற்றில் கை வைத்தேன். வெறுங்கழுத்தோடு அண்ணி பின்னாலேயே வந்து என் கையைப் பிடித்தார்கள்.

"வேணாம் பாப்பா. எனக்காகச் சாவ வேண்டியவ அவ. வூட்டுல ஒருத்தியாச்சும் பூவும் மஞ்சளுமா இருக்கட்டும்."

நான் கயிற்றிலிருந்து கையை எடுத்துவிட்டேன். இந்த ஆடிப்பெருக்குக்கு அண்ணி கயிறு வாங்கி என் கையில் கொடுத்தார்கள். முடிச்சை நான் போட்டேன். அதே பால், அதே பிசுபிசுப்பு.

அண்ணனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வண்டியில் ஏற்றிய அக்கம்பக்கத்துக் கொல்லைக்காரர்களுக்கும், பந்தலில் உடனிருந்து உழைத்த பங்காளிகளுக்கும், தள்ளாத வயதிலும் முந்திரிக்காட்டிலிருந்து வந்து அழுத அண்ணியின் தாயார் அவர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பிக் கடமைப்பட்டிருக்கிறது. வருஷத் திதிக்கு வருகிற நீங்கள் எல்லாரும் சரளை மேட்டுக்கும் போய்ப் பார்ப்பீர்கள் என்று தெரியும். இலை வேண்டுமென்றால் அண்ணியிடம் சொல்லிவிட்டுப் பறித்துக்கொள்ளுங்கள். அண்ணன் மேலுள்ள பிரியத்தில் தயவுசெய்து யாரும் தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டாம்.