முதல் கியர் நிற்காத வேன்

செவ்வாயும் வெள்ளியும் காலை ஆறரைக்கு மண்டூரிலிருந்து மட்டக்களப்பு பெரியாஸ்பத்திரிக்கு ஒரு வெள்ளை டொல்பின் வேன் புறப்படும். ஓட்டுவது கஜானி. பக்கத்துச் சீட்டில் அவளுடைய புருஷன் சுதாகரன். பின்னால் வயல்காரர் இளையதம்பியும் இருபத்துநாலு வயது விதுர்ஷாவும். கஜானியைத் தவிர மற்ற மூன்று பேருக்கும் ஒரே வருத்தம்தான். சிறுநீரகம் வேலை செய்யாது. கிழமைக்கு இரண்டு தரம் மெஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டும்.

வேன் சுதாகரனுடையது. பதினேழு வருஷம் அவன்தான் ஓடினான். கல்யாண வீடு, கதிர்காமம், மாமாங்கத் தீர்த்தம் என்று அவனைக் கூப்பிடாத ஆளில்லை. மூன்று வருஷத்துக்கு முன் கால் வீங்கி, பெடலை மிதிக்கச் சக்தியில்லாமல் போனபோது, கஜானி லைசன்ஸ் எடுத்தாள். அப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது. பழக்கிய மாஸ்டர் கிளச்சிலிருந்து காலை எடுக்கச் சொல்லிச் சொல்லியே களைத்துப் போனார். அவள் உண்மையில் வேன் ஓடப் பழகியது அவரிடமல்ல. பதினேழு வருஷமாகப் பக்கத்துச் சீட்டிலிருந்து சுதாகரனைப் பார்த்துப் பழகியது. அவன் இடது கால் எப்போதும் கிளச்சின் மேல் லேசாகக் கிடக்கும். இடது கை கியர் தடியை விடாது. ஏற்றத்தில் நிற்க வேண்டி வந்தால் பிரேக்கை மிதிக்காமல், பாதிக் கிளச்சில் வேனை அந்தரத்தில் பிடித்து வைத்திருப்பான். பின்னுக்கு உருண்டுகொண்டிருக்கும்போதே ரிவர்ஸிலிருந்து முதலாவதுக்குப் போடுவான். ஊரில் எல்லாரும் அதைக் கெட்டித்தனம் என்றார்கள். கஜானியும் அப்படித்தான் நினைத்தாள்.

கார்த்திகை மழை தொடங்கிப் பத்தாம் நாள், சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் மூன்றாவது கியர் தானாகக் கழலத் தொடங்கியது. காத்தான்குடியில் கராஜ் வைத்திருக்கும் ஸியாமிடம் வேனைக் கொண்டுபோனாள். ஸியாம் பொனட்டைத் திறக்கவில்லை. பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, ஆரையம்பதி வரைக்கும் ஓடிவிட்டு வரச் சொன்னான். போகும்போதும் வரும்போதும் அவன் ரோட்டைப் பார்க்கவே இல்லை. அவள் காலையும் கையையும்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கராஜ் வாசலில் நிறுத்தியதும் சொன்னான்:

"அக்கா, கியர் பெட்டி தானாத் தேயல்ல. உங்கட காலும் கையும்தான் தேய்ச்சிருக்கு."

பிறகு அமைதியாக விளங்கப்படுத்தினான். கால் சும்மா கிடந்தாலும் அந்தப் பாரத்துக்குக் கிளச் பிளேட் வழுக்கும், வழுக்கினால் கருகும். கை சும்மா கிடந்தாலும் அந்தப் பாரம் உள்ளே கியரைத் தள்ளிப் பிடிக்கும் கவையில் போய் விழும், கவை தேயும். இன்றைக்கு மூன்றாவது, இன்னும் கொஞ்ச நாளில் முதலாவதும் நிற்காது. பெட்டியை இறக்கிச் செய்ய ஐந்து நாள் வேண்டும்.

ஐந்து நாளுக்குள் ஒரு செவ்வாயோ வெள்ளியோ வந்து விழும். மழை விடட்டும் என்று சொல்லிவிட்டு வந்தாள். வீட்டில் சுதாகரனிடம் சொன்னபோது அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தான் ஓடின காலத்தில் வேனுக்கு ஒரு குறையும் வந்ததில்லை என்றான். அவள் தலையணையை எடுத்து அவன் முதுகுக்கு வைத்தாள். அன்றைக்கு அவனுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

மழை விடவில்லை. வெல்லாவெளி ரோட்டை வெள்ளம் மூடியது. வாவியைக் கடக்கும் பாதையும் நின்றது. வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றி மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையில் போய்வரும் அந்த இரும்புத் தட்டுப் படகை இங்கே பாதை என்றுதான் சொல்வது. வெள்ளிக்கிழமை மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஞாயிறு சுதாகரனின் முகம் ஊதிவிட்டது. திங்கள் முழுக்க அவனால் படுக்க முடியவில்லை. தலையணையை மடியில் வைத்து அதில் குனிந்திருந்தான். செவ்வாய் விடிந்ததும் பாதை ஓடுகிறது என்று செய்தி வந்தது. கஜானி சுதாகரனையும் மற்ற இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு துறைக்குப் போனாள்.

பாதையில் ஏறும்போது வேன் ஒரு தரம் குலுங்கியது. கருகல் மணம் அடித்தது. வேனுக்குப் பின்னால் ஒரு ஆட்டோவும் நாலைந்து மோட்டார் சைக்கிளும், பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு ஒரு ரீச்சரும் ஏறினார்கள். வாவி கலங்கிக் கிடந்தது. ஆற்றுவாழைச் செடி கூட்டம் கூட்டமாக மிதந்து வந்து தட்டில் முட்டியது.

குருமண்வெளித் துறையில் வெள்ளம் கரையை அரித்திருந்தது. பாதையின் இரும்புப் பலகையை இறக்கி வைத்தபோது அது வழமையை விட நிமிர்ந்து நின்றது. கஜானி முதலாவது கியரைப் போட்டு ஏற்றினாள். முன் சக்கரம் கரை மண்ணைத் தொட்டது. அந்த நேரம் 'டக்' என்று ஒரு சத்தம். எஞ்சின் சும்மா கத்தியது. கியர் கழன்றிருந்தது. வேன் பின்னுக்கு உருண்டது.

பின்னால் பிள்ளைகள் அலறியது அவளுக்குக் கேட்டது. பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்தாள். ஈரப் பலகையில் சக்கரம் ஒரு முழம் வழுக்கி நின்றது. கண்ணாடியில் பார்த்தாள். ஆட்டோவின் முன் சக்கரத்துக்கும் வேனுக்கும் இடையில் இரண்டு சாண் கூட இல்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். அது பிடிக்காதென்று அவளுக்கு முன்பே தெரியும்.

மறுபடி முதலாவதைப் போட்டுப் பிரேக்கை விட்டாள். மறுபடியும் கழன்றது. மறுபடியும் பிரேக்.

சுதாகரன் மூச்சுக்கு நடுவில் பாதிக் கிளச்சில் பிடிக்கச் சொன்னான். கஜானி இல்லை என்று தலையை ஆட்டினாள். கிளச்சில் மிச்சமிருப்பது ஒரு ஏற்றத்துக்குத்தான் காணும். அதையும் இந்த இடத்தில் வைத்துக் கருக்கினால் வேன் இரண்டு பக்கமும் போகாது என்று அவளுக்குத் தெரிந்தது. ஜன்னலால் தலையை நீட்டி, பின்னால் கட்டை வைக்கச் சொல்லிக் கூப்பிட்டாள். பாதைக்காரர் இருவர் மரக்கட்டைகளை உருட்டி வந்து பின் சக்கரங்களுக்கு அடியில் அடித்து இறுக்கினார்கள். ரீச்சர் பிள்ளைகளை ஓரத்துக்குக் கூட்டிப்போனார். விதுர்ஷா இளையதம்பியைக் கையைப் பிடித்து இறக்கினாள். சுதாகரனை இறக்க முடியாது. அவன் கதவைப் பிடித்தபடி, வாய் திறந்து மூச்சு இழுத்துக்கொண்டிருந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது.

அவள் மெல்லப் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். கட்டை தாங்கியது. முதலாவதைப் போட்டாள். அது கழலும் இடம் இப்போது அவளுக்குத் தெரியும். கிளச்சை விட்டு, பாரம் ஏறும் அந்தக் கணம். ஏற்றத்தில் ஸ்டியரிங் வெட்டாமல் இருக்க அவளுக்கு இரண்டு கையும் வேண்டும்.

"இஞ்சேருங்க," என்றாள். "இந்தத் தடிய முன்னுக்குத் தள்ளிப் பிடிங்க. நான் சொல்லும் வரைக்கும் விடாதீங்க."

சுதாகரன் வீங்கிய இரண்டு கையாலும் கியர் தடியைப் பிடித்து, நெஞ்சை அதன் மேல் சாய்த்தான். கஜானி கிளச்சைப் பாதியில் வைக்கவில்லை. ஒரே விடாக விட்டு, காலை முழுக்க வெளியே எடுத்தாள். தடி அவன் கையில் உதறியது. அவன் முனகினான், விடவில்லை. வேன் குதித்து, மண்ணை வாரி இறைத்துக்கொண்டு கரையேறியது. சமதரையில் நிறுத்தியபோதும் அவன் தடியைப் பிடித்தபடிதான் இருந்தான். போதும் என்று அவள் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

விதுர்ஷாவும் இளையதம்பியும் சேற்றில் ஏறி வந்து சேர்ந்தார்கள். அங்கிருந்து மட்டக்களப்பு வரைக்கும் நாற்பது நிமிஷம், கஜானி இரண்டாவதையும் நாலாவதையும் மட்டும் வைத்துக்கொண்டு ஓடினாள். காத்தான்குடிச் சந்தியில் சனம் நெருங்கியபோது, நின்றால் எடுக்க முடியாது என்ற பயத்தில், ஊர்ந்தபடி ஹோர்ன் அடித்துக்கொண்டே போனாள். எட்டு மணிக்குக் கொஞ்சம் முன் ஆஸ்பத்திரி வாசலில் சுதாகரனைச் சக்கர நாற்காலியில் ஏற்றினார்கள். நேரே மெஷினுக்குக் கொண்டுபோனார்கள்.

மூன்று மணித்தியாலம் கழித்து உள்ளே போய்ப் பார்க்க விட்டார்கள். சுதாகரனின் மூச்சு இறங்கியிருந்தது. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும், அவன் கூரையைப் பார்த்தபடி கதைத்தான்.

"மூண்டாவது நான் ஓடக்குள்ளயே கழரும். அதுக்குத்தான் கைய எடுக்காம வச்சிருந்த நான். நீ அதப் பழக்கமெண்டு நினைச்சிட்டாய்."

கஜானிக்குக் கொஞ்ச நேரம் விளங்கவில்லை. விளங்கியதும் மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். மூன்று வருஷம். அத்தனை செவ்வாய், அத்தனை வெள்ளி. பின்னால் இரண்டு நோயாளி. இன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

"சொல்லியிருக்கலாமே," என்றாள்.

"சொன்னா நீ பயந்து ஓட மாட்டாய். மறுகா என்னய ஆரு கூட்டி வாற?"

எழும்பி வராந்தாவுக்குப் போனாள். அழுகை வரும் என்று நினைத்தாள், கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தோடேயே ஸியாமுக்கு அழைத்து, வேன் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறது, ஆள் அனுப்பி எடுத்துக்கொண்டு போ, திருத்தாமல் இனி ஒரு அடியும் நான் அதை ஓட மாட்டேன் என்றாள். அன்றைக்கு நாலு பேரும் வேறொரு வேன் பிடித்து வீடு போனார்கள். இரண்டு நாள் அவள் சுதாகரனுக்குச் சோறு போட்டு வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தாள். மூன்றாம் நாள் அவன்தான் வந்து, பிழை தன்னுடையது என்று இளையதம்பிக்கும் விதுர்ஷாவுக்கும் போனில் சொல்லிவிட்டதாகச் சொன்னான்.

ஸியாம் பெட்டியைத் திறந்தபோது கவைகள் இரண்டும் ஒரு பக்கம் கத்தி மாதிரி மெலிந்திருந்தன. முதலாவதின் பல்லுகள் மழுங்கிப் போயிருந்தன. எல்லாம் மாற்றி, கிளச் பிளேட்டும் போட்டு, ஹேண்ட் பிரேக்கையும் இறுக்கிக் கொடுத்தான்.

வேனைத் திருத்த ஐந்து நாள். காலைத் திருத்தக் கஜானிக்கு இரண்டு மாதம் எடுத்தது. அவளுக்குத் தெரியாமலே கால் கிளச்சுக்குப் போய்விடும். இப்போது கியரை மாற்றியதும் காலை எடுத்துக் கதவுப் பக்கம் ஒதுக்கி வைக்கிறாள். வேன் முழுக்க நிற்காமல் ரிவர்ஸைத் தொடுவதில்லை. துறையில் ஏற்றத்தில் நிற்க நேர்ந்தால் பிரேக்கிலேயே நிற்கிறாள்; பின்னால் எத்தனை பேர் ஹோர்ன் அடித்தாலும் அவசரப்படுவதில்லை. சுதாகரன் இன்னும் பக்கத்துச் சீட்டில்தான். எஞ்சினில் புதுச் சத்தம் ஏதும் கேட்டால் உடனே சொல்லிவிடுகிறான். அவள் அந்த இடத்திலேயே ஓரங்கட்டி, இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி எடுக்கிறாள்.