மொன்றியாலில் ஒரு சாதா பீர்

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நான் மொன்றியாலுக்குப் போனது என் சிநேகிதி ஜெசிந்தாவோடு உட்கார்ந்து ஒரு பீர் குடிப்பதற்காக. மலை இருக்கிறது, ஆறு இருக்கிறது, பழைய துறைமுகம் இருக்கிறது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். இருக்கட்டும். சென்னையிலிருந்து பிராங்க்ஃபர்ட், அங்கே ஐந்து மணி நேரம் நாற்காலியில் தூக்கம், அப்புறம் கடலுக்கு மேலே இன்னொரு எட்டு மணி நேரம். ஐம்பத்து நாலு வயசு முழங்காலோடு ஒருத்தி இத்தனை தூரம் ஒரு பீருக்காகப் போவாளா என்றால், போவாள்.

ஜெசிந்தா யாழ்ப்பாணத்துக்காரி. சண்டைக்காலத்தில் சென்னைக்கு வந்து எங்கள் கல்லூரியில் படித்தாள். விடுதியில் ஒரே அறை. ஒருநாள் சாயங்காலம் ஒரு பெரிய ஹோட்டலுக்கு எதிரே பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள், ஆளுக்கொரு பீர் வைத்துக்கொண்டு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களை யாருமே திரும்பிப் பார்க்கவில்லை. எங்களுக்கு அதுதான் ஆச்சரியம். "வசு, ஒருநாள் நாங்களும் இப்பிடி இருப்பமடி" என்றாள் ஜெசிந்தா. பஸ் வந்தது, ஏறிவிட்டோம். பிறகு அவள் கனடா போய்விட்டாள்.

பீர் எனக்குப் பழக்கமானது நாற்பது வயசுக்கு மேல், புதுச்சேரிக்கு அலுவலகத்தில் கூட்டிப்போனபோது. எனக்குப் பிடித்தது ஒரே வகைதான். பொன் நிறம், பல் கூசுகிற ஜில், தொண்டையின் கடைசியில் ஒரு கசப்பு. அதற்குமேல் அது எதுவும் பேசக் கூடாது. மாதத்துக்கு ஒன்று, கூட வேலை செய்பவளின் கணவர் வாங்கித் தருவார். மாடியில் தம்பி குடும்பம் இருக்கிறது. அதனால் என் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, எவர்சில்வர் டம்ளரில். பத்து வருஷத்துக்கு மேலாக இப்படித்தான். ஒருமுறையாவது கண்ணாடிக் கிளாசில், நாலு பேர் நடமாடும் இடத்தில், சிநேகிதியோடு குடிக்க வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. விமான நிலையத்திலிருந்து லாசால் பகுதியில் இருக்கும் ஜெசிந்தாவின் வீடு காரில் இருபது நிமிஷம். காரை ஓட்டியவர் அவள் கணவர் அருள். ஒரு பட்டறையில் இயந்திரம் ஓட்டுகிறவர், நல்ல மனிதர், என்னைவிட மூன்று வயசு மூத்தவர், ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். வீட்டுக்குள் நுழைந்ததும் குளிர்பெட்டியைத் திறந்தார். உள்ளே இரண்டு தட்டு நிறைய பீர் டின்கள், முத்து முத்தாக வியர்த்துக்கொண்டு. என் நாக்கில் ஈரம் ஊறியது. அவர் கை அதையெல்லாம் தாண்டிப் பின்பக்கம் போய் ஒரு அட்டைப்பெட்டியை எடுத்தது.

"அக்காவுக்கெண்டு மாம்பழ யூஸ் வாங்கி வைச்சிருக்கிறம்."

சேலத்துக்காரியான எனக்கு மாம்பழச் சாறு! அதுவும் பெட்டியில்! நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஜெசிந்தா என் முழங்கையைக் கிள்ளினாள். குடித்துத் தொலைத்தேன்.

ஐந்து மணிக்கு அருளின் கூட்டாளிகள் நாலு பேர் வந்தார்கள். வீட்டுக்கு ஒட்டினாற்போல் கார் நிறுத்தும் கராஜ். அதன் கதவை முக்கால்வாசி இறக்கிவிட்டு ஆண்களெல்லாம் உள்ளே உட்கார்ந்தார்கள். பொரித்த ஆட்டிறைச்சித் தட்டுகள் மட்டும் சமையலறையிலிருந்து போய்க்கொண்டே இருந்தன. பெண்களுக்கு மேலே தேத்தண்ணி. இதுதான் இங்கே வழக்கமாம். எட்டாயிரம் மைல் தாண்டி வந்து குடியேறியவர்கள் வழக்கத்தை மட்டும் ஒரு கீறல் விழாமல் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள்.

"ஜெசி, நாம எப்போ?"

"பேந்து வசு, பேந்து. ஆக்கள் போகட்டும்."

ஆட்கள் போனார்கள். அவளும் தூங்கப் போய்விட்டாள்.

ஞாயிறு, காலை பத்து மணி. சர்ச்சில் பூசைக்குப் போனோம். ஜெசிந்தா அங்கே குழந்தைகளுக்கு பைபிள் சொல்லித்தரும் மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறாள் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பதினெட்டுப் பிள்ளைகள். அவள் தமிழில் கேட்கிறாள், அவர்கள் பிரெஞ்சில் பதில் சொல்கிறார்கள், இரண்டு பக்கமும் சந்தோஷமாக இருக்கிறது. வகுப்புகளுக்கெல்லாம் பொறுப்பு சில்வியா அக்கா. நெட்டையான உருவம், வெயிலோ மழையோ கையில் குடை. யார் வகுப்பு எடுக்கலாம், யார் எடுக்கக் கூடாது என்பதை முடிவு செய்வது அவர்தானாம். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இந்தியாவோ? நல்லது" என்றார்.

செவ்வாய், மாலை ஆறு மணி. ஜெசிந்தாவுக்கு வேலை. அவள் ஒரு கார்தரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், சமையல் பொறுப்பில் இருக்கிறாள். வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கும் கார்த்திக்கிடம் என்னை ஒப்படைத்தாள். தாம்பரத்துப் பையன், கணினி வேலை, முப்பத்திரண்டு வயசு. "ஆன்ட்டிக்கு பீர் பிடிக்குமாமே" என்றான் ரகசியமாக. அவன் முகத்தில் ஒரு வெளிச்சம். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மெட்ரோவில் முக்கால் மணி நேரம். சொந்தமாகக் காய்ச்சி ஊற்றும் ஒரு சின்ன மதுக்கடை. ஒரு பலகையில் நாலு குழி, நாலு குட்டிக் கிளாஸ். பதினாறு டாலர். முதல் கிளாஸ் நேற்றைய ரசம் மாதிரிப் புளித்தது. அது அப்படித்தான் இருக்க வேண்டுமாம். இரண்டாவதில் காப்பி. காப்பி வேண்டுமென்றால் நான் காப்பி குடிக்க மாட்டேனா? மூன்றாவதை மோந்ததும் கருவாட்டுக் கூடை ஞாபகம் வந்தது. பார்லியைப் புகை போட்டிருக்கிறார்களாம். நாலாவதில் ராஸ்பெரிப் பழம். கார்த்திக் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரசங்கம் செய்தான். எந்தப் பூவைப் போட்டார்கள், அது எந்த மலைச்சரிவில் விளைந்தது, எந்த மடத்துத் துறவி முதலில் காய்ச்சினார்.

"தம்பி, இங்க சாதா பீர் இருக்கா?"

"சாதான்னா?"

"சாதான்னா சாதா. மஞ்சளா, கசப்பா."

அவன் முகம் வாடியது. "ஆன்ட்டி, அதெல்லாம் ரொம்ப பேசிக். அதைக் குடிக்கறதுக்கு எதுக்கு மொன்றியால் வரணும்?"

அவனை அடிக்கக் கை வந்தது. சந்து முனை டெப்பனேரில், நம் ஊர்ப் பொட்டிக்கடை போன்ற கடையில், முட்டைக்கும் ரொட்டிக்கும் பக்கத்தில் அந்தச் சாதா பீர் அடுக்கியிருக்கிறது. கைக்குழந்தையோடு ஒரு அம்மாள் பால், டயப்பர், ஆறு டின் என்று கூடையில் போட்டுக்கொண்டு போகிறாள். கடைக்காரர் நன்றிக்கு ஒரு 'மெர்சி' சொல்கிறார். அவ்வளவுதான், விஷயம் முடிந்தது. எனக்கு மட்டும் ஒன்று ரசமாக வருகிறது, இல்லை மாம்பழமாக வருகிறது.

அடுத்த வியாழன், மாலை ஏழு மணி. ஒரு வாரம் அவளை அரித்தெடுத்ததில் ஜெசிந்தா கடைசியில் வந்தாள். கூடவே கார்த்திக். இடம் அவன் தேர்வு. பீர் கிடையாது, காக்டெயில் மட்டும். தாடிக்காரர் ஒருவர் வந்து, இன்றைக்கு என்ன மனநிலையில் இருக்கிறீர்கள், அதற்கேற்ப கலந்து தருகிறேன் என்றார். "எரிச்சல்னு சொல்லு" என்றேன். கார்த்திக் என்ன சொன்னானோ, கண்ணாடி மூடி கவிழ்த்த ஒரு கிளாஸ் வந்தது. திறந்ததும் குபுகுபுவென்று புகை, சாம்பிராணி போட்ட தலைமுடி வாசனை. உள்ளே மேப்பிள் பாகு கலந்த விஸ்கி இரண்டு விரல்கடை. மருந்துக்குத் தேன் குழைத்த மாதிரித் தித்தித்தது.

இதையாவது பொறுத்திருப்பேன். ஜெசிந்தா தனக்கு வெறும் சோடா வாங்கிக்கொண்டு, வாசலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். கதவு திறக்கும்போதெல்லாம் கைப்பையை மடிக்கு இழுத்தாள். முக்கால் மணி நேரத்தில் வீட்டுக்குப் போகலாம் என்றாள்.

வீட்டுச் சமையலறையில் எனக்கு வெடித்துவிட்டது. "நான் எதுக்குடி இவ்ளோ தூரம் வந்தேன்? உன் புருஷன் கராஜ்ல உட்கார்ந்து குடிக்கலாம், நீ ஒரு வாய் குடிச்சா வானம் இடிஞ்சுடுமா?"

அவள் பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை. "உனக்கென்ன, திங்கக்கிழமை பிளேன் ஏறிடுவாய். நான் ஞாயிறு ஞாயிறாய் அந்தப் பிள்ளையளுக்கு முன்னால போய் நிக்கோணும். போன வருசம் ஒருத்தி கலியாண வீட்டில வைன் குடிச்சவ. ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. அடுத்த மாசம் அவவின்ர வகுப்பு வேற ஆளிட்டப் போட்டுது. எனக்கு இஞ்சை அந்த வகுப்பு மட்டும்தான் என்ர சொந்தம், விளங்குதோ?"

விளங்கியது. ஆனாலும் எரிச்சல் தீரவில்லை. ஒன்று விளங்கிவிட்டால் எரிச்சல் இன்னும் கூடுகிறது, திட்டவும் வழியில்லாமல் போய்விடுகிறது.

சனி, பிற்பகல் இரண்டு மணி. அவளே வந்து எழுப்பினாள். "வெளிக்கிடு. சந்தைக்குப் போவம்." ஆங்ரிஞோன் நிலையத்தில் மெட்ரோ, நடுவில் ஒருமுறை மாறி, ஜான்-டலோன். சந்தை முழுக்கத் தக்காளியும் பீச்சும் குவிந்து கிடந்தன. அவள் எதையும் வாங்கவில்லை. பக்கத்துத் தெருவில் நடைபாதையிலேயே மேசை போட்டிருந்த ஒரு கடையில் போய் உட்கார்ந்தாள். பணிப்பெண் 'பொன்ஜூர்' சொல்லி முடிப்பதற்குள், கடகடவென்று பிரெஞ்சில் இரண்டு சாதா பீர் சொன்னாள். எத்தனை நாளாக மனத்துக்குள் சொல்லிப் பார்த்தாளோ.

வந்தது. நீளக் கண்ணாடிக் கிளாஸ், பொன் நிறம், வெள்ளை நுரை. ஒன்பதரை டாலர், வரி தனி. முதல் வாயிலேயே தொண்டையின் கடைசியில் அந்தக் கசப்பு. எனக்குக் கண் கலங்கியது, உண்மையாகவே. ஜெசிந்தாவும் ஒரு வாய் குடித்தாள்.

அப்போதுதான் தெருக்கோடியில் அந்தக் குடை தெரிந்தது.

ஜெசிந்தாவின் கை என்னமாய் ஓடியது! கிளாஸ் அவள் பக்கத்திலிருந்து என் பக்கம் வந்து நின்றது. சில்வியா அக்கா நேரே எங்கள் மேசைக்கே வந்தார். என் முன்னால் இரண்டு கிளாஸ், ஜெசிந்தா முன்னால் ஒன்றுமில்லை. "வெய்யில் எண்டு சும்மா இருந்தனாங்கள் அக்கா" என்றாள். மேலுதட்டில் வெள்ளையாக நுரை. எனக்குத் தெரிகிறது. அவருக்கும் தெரிகிறது. அவளுக்கு மட்டும் தெரியவில்லை.

சில்வியா அக்கா மேசையிலிருந்த காகிதக் கைக்குட்டை ஒன்றை எடுத்து நீட்டினார். "வாயைத் துடையும் பிள்ளை." போய்விட்டார்.

ஜெசிந்தா வாயைத் துடைத்தாள். "பாத்திட்டா. இனி என்னத்தை ஒளிக்கிறது?" கிளாசைத் தன் பக்கம் இழுத்து, நிறுத்தாமல் பாதி குடித்தாள். பிறகு முகத்தைச் சுளித்தாள்.

"சீ, கைக்குதடி! இதுக்கோ இவ்வளவு காலம்?"

முப்பது வருஷம், இரண்டு விமானம், வீங்கின முழங்கால், இவளுக்குப் பீரே பிடிக்கவில்லை! அவள் பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, பக்கத்து மேசையில் இருந்ததைக் காட்டி, தர்பூசணித் துண்டு செருகிய இளஞ்சிவப்பு காக்டெயில் ஒன்றை வரவழைத்தாள். சக்கரைத் தண்ணி. அதை ரசித்து ரசித்துக் குடித்தாள். அவளுடைய மீதிப் பீரை நான்தான் குடித்தேன். மாலை ஐந்து மணிவரை அங்கேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். நூறு பேராவது கடந்துபோயிருப்பார்கள். ஒருவரும் எங்களைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை இருந்தது, அந்த வாரம் விடுமுறை என்று வகுப்பு இல்லை. சில்வியா அக்கா கண்ணில் படவில்லை.

திங்கள், பகல் ஒரு மணி. விமான நிலையம் போகும் வழி. அருள் ஓட்டினார், ஜெசிந்தா முன்னால், நான் பின்னால். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

"அக்கா, ஒண்டும் நினைக்காதேங்கோ. சில்வியா அக்கா போன் எடுத்தவ. இந்தியாவில இருந்து வந்த பிள்ளைதான் வற்புறுத்தினவ, ஜெசி பாவம் எண்டு சொல்லிப்போட்டன். நீங்கள் போற ஆள்தானே."

சரிதான். ஊருக்குப் போகிறவள் தலையில் போட்டால் பழியும் அவளோடு விமானம் ஏறிவிடும். யாருக்கும் நஷ்டமில்லாத ஏற்பாடு. "பரவாயில்ல, அப்படியே இருக்கட்டும்" என்றேன். நிஜமாகவே எனக்கு அதில் வருத்தமில்லை.

ஜெசிந்தா கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். எண்ணை அழுத்திக் காதில் வைத்தாள்.

"அக்கா, நான் ஜெசி கதைக்கிறன். அவர் சொன்னது பிழை. வசு என்னை ஒண்டும் வற்புறுத்தேல்லை. நான்தான் கூட்டிக்கொண்டு போய், நான்தான் கேட்டு வாங்கிக் குடிச்சனான். ஓம். பீர் பிடிக்கேல்லை, மற்றது பிடிச்சது. வகுப்பை வேற ஆளிட்டக் குடுக்கிறதெண்டா என்னட்டைச் சொல்லிப்போட்டுக் குடுங்கோ."

அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள். "ஓம், ஞாயிற்றுக்கிழமை கதைப்பம்" என்று அவள் போனை வைத்தாள். இறங்கும் இடத்தில் என் பெட்டியைத் தூக்கி வைத்த அருள், அவளிடம் "தண்ணி குடிக்கிறீரோ ஜெசி?" என்று மட்டும் கேட்டார்.

விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தும் எனக்கு வெளியே பார்க்கத் தோன்றவில்லை. மீனம்பாக்கத்தில் தம்பி காத்திருப்பான். பெட்டியை வாங்கிக்கொண்டே, இரண்டு வாரம் என்னக்கா பண்ணே என்று கேட்பான். மலை, ஆறு, சர்ச், சந்தை என்று சொல்ல எல்லாம் தயாராக வைத்திருந்தேன். இரண்டு வாரமும் ஜெசிந்தாவைப் பயந்தாங்கொள்ளி என்று வாய்க்குள் திட்டிக்கொண்டிருந்தவள் நான். அவள் காரில் உட்கார்ந்து, நான்தான் வாங்கிக் குடித்தேன் என்று சொன்னாளே ஒரு பேச்சு, அதில் ஒரு வார்த்தையைக்கூட நான் இதுவரை என் வீட்டில் சொன்னதில்லை.