அத்தானின் நூற்றுப் பதினேழு குரல்கள்

கணினிக்கு வரிசையாகக் கட்டளையிடும் ஷெல் ஸ்கிரிப்டில் தற்காலிகக் கோப்புக்கு நிலையான பெயர் வைக்கிறவனைக் கண்டால் எனக்கு ஆகாது. கடலுக்கு அக்கரையில், பிறை என்னும் ஊரில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில், சோதனை இயந்திரங்களுக்கான சின்னச் சின்ன ஸ்கிரிப்டுகள் எல்லாம் என் கண்ணில் பட்டுத்தான் போகும். /tmp என்பது கணினியில் எல்லாரும் புழங்கும் இடம். அங்கே போய் data.txt என்று நீயாக ஒரு பெயர் வைத்தால், அதே பெயரில் ஏற்கெனவே ஒன்று கிடக்கலாம். அது வேறொருவருக்குச் சொந்தமாக இருக்கலாம். உன்னால் அதில் எழுத முடியாமல் போகலாம். இதற்காகவே mktemp என்று ஒரு கட்டளை இருக்கிறது. இதுவரை இல்லாத ஒரு பெயரில் உனக்கே உனக்கென்று ஒரு கோப்பை உண்டாக்கித் தரும். "ஒரு வரி எழுதக் கை வலிக்குதா?" என்று எத்தனை பேரைக் கேட்டிருக்கிறேன். அந்த வாயில் இப்போது நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அக்காவின் கணவர், என் அத்தான், இறந்து ஒரு வருடம் ஆகப்போன சமயம் அது. அவருக்கும் பிறையில்தான் வேலை, வேறு தொழிற்சாலை. தினமும் மாலையில் வீடு திரும்பும்போது, கடலைத் தாண்டித் தீவுக்குப் போகும் பாலம் ஏறுவதற்கு முன்னால் மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்தி அக்காவுக்கு ஒரு குரல் செய்தி அனுப்புவார். "பாலம் ஏறப் போறேன், சோத்த வடி." அவ்வளவுதான் விஷயம். சில நாள் ஏதாவது ஒரு பாட்டில் இரண்டு வரி பாடுவார், சில நாள் மேலாளரைத் திட்டுவார். அந்தச் செய்தி வந்த பிறகுதான் அக்கா சுங்கை பினாங் ஃபிளாட்டில் அடுப்பைப் பற்றவைப்பாள். இரண்டு பேரும் சேர்ந்துதான் சாப்பிடுவார்கள். ஒரு நாள் செய்தி வரவில்லை. கேன்டீனில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவருக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அக்காவின் கைப்பேசியில் அந்தச் செய்திகளில் நூற்றுப் பதினேழு மிஞ்சியிருந்தன. இடம் போதவில்லை என்று பழையவற்றை அவளே அழித்திருந்தாள். கைப்பேசியும் சாகும் நிலை. திரையில் பாதி தெரியாது. கோயிலில் ஓராண்டு நினைவுப் பூசைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அதை என்னிடம் கொடுத்தாள்.

"தம்பி, இதுல உள்ளதெல்லாம் புது போன்ல போட்டுக் குடுடா. முடிஞ்சா அந்த லோரி சத்தத்த கொஞ்சம் கொறச்சுக் குடு. அவரு பேசுறது சரியாவே கேக்க மாட்டுது."

"இதெல்லாம் ஒரு வேலையா லா? ஞாயித்துக்கெழம கொண்டாறேன்."

செய்திகளை என் மடிக்கணினிக்கு ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். இருபது வரி ஸ்கிரிப்ட். ஒவ்வொரு செய்தியையும் எடுத்து, சுத்தம் செய்யத் தோதான வடிவத்துக்கு மாற்றி /tmp/kural.wav என்று வைக்க வேண்டும். அதிலிருந்து இரைச்சலை நீக்கி, தேதி வரிசை கலையாமல் இருக்க அதே பழைய பெயரின் மேலேயே திருப்பி எழுத வேண்டும். ஆமாம், kural.wav. நானேதான். வீட்டு வேலைதானே, என் மடிக்கணினிதானே, யார் வந்து குறுக்கே நிற்கப்போகிறார்கள் என்ற திமிர்.

குறுக்கே நின்றதும் நானேதான். இரைச்சல் நீக்கும் மென்பொருளை நிறுவுவதற்காக நிர்வாகிக் கணக்கில் நுழைந்திருந்தேன். அங்கிருந்தபடியே முதல் செய்தியை மட்டும் எடுத்து ஒரு சோதனை ஓட்டம். அருமையாக வந்தது. பிறகு என் சொந்தக் கணக்குக்குத் திரும்பி மொத்தத்தையும் ஓடவிட்டேன். சோதனையில் உண்டான kural.wav அங்கேயே கிடந்தது. அது நிர்வாகிக்குச் சொந்தம். என் கணக்கால் அதைப் படிக்க முடியும், அதன்மேல் எழுத முடியாது. எழுத முடியவில்லை, எழுத முடியவில்லை என்று கணினி ஒவ்வொரு முறையும் கத்தியிருக்கும். திரை நிறைய எழுத்து ஓடுவது எரிச்சலாக இருக்கிறதென்று பிழைச் செய்திகளை வரவிடாமல் நானே அடைத்து வைத்திருந்தேன். ஒரு படி தோற்றால் அங்கேயே நில் என்று சொல்லும் வரி இல்லை. வேலை முடிந்ததும் தற்காலிகக் கோப்பைத் துடைத்துவிடும் வரியும் இல்லை. ஸ்கிரிப்ட் சமர்த்தாக அந்தப் பழைய kural.wav-ஐயே எடுத்து எடுத்துச் சுத்தம் செய்து, நூற்றுப் பதினேழு பெயர்களின் மேலும் எழுதிவிட்டது.

ஓடி முடிந்ததும் ஒன்றைத் திறந்து கேட்டேன். முதலாவதை. அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது. மற்றவற்றைக் கேட்கவில்லை. புருஷன் பெண்டாட்டி பேச்சு, நமக்கெதற்கு என்று நாகரிகம் வேறு. எல்லாவற்றையும் புதுக் கைப்பேசியில் ஏற்றினேன். பழையதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, டத்தோ கிராமாட்டில் என் வீட்டுப் பக்கத்துக் கடையில் கொடுத்தேன். நகல் எங்காவது இருக்காதா என்று கேட்கலாம். அத்தானின் கைப்பேசி அவர் இறந்த அன்றே ஆஸ்பத்திரி அவசரத்தில் தொலைந்துபோயிருந்தது. அவள் கைப்பேசி தானாக நகலெடுத்துக்கொண்டிருந்ததை முன்பொரு நாள் நிறுத்தி வைத்ததும் இந்தப் புண்ணியவான்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். சமையலை முடித்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள்.

"மழ நாள்ல ஒண்ணு அனுப்புனாரே, அத மொதல்ல போடுடா. மழக்கோட்ட மறந்துட்டேன்னு சிரிப்பாரு."

தேதி அவளுக்கு மனப்பாடம். அழுத்தினேன்.

"பாலத்துல ஜாம் டெருக் லா, வண்டி நகரவே மாட்டுது. நீ சாப்புடு, எனக்காக உக்காந்திருக்காத."

குரலைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது. "யப்பா, எவ்ளோ தெளிவா இருக்கு!" என்றாள். பிறகு, "ஆனா இது இல்லடா. இது வேற நாளு."

அடுத்ததை அழுத்தினேன். ஜாம் டெருக் லா. அதற்கடுத்தது. எனக்காக உக்காந்திருக்காத. நடுவிலிருந்து ஒன்று, கடைசியிலிருந்து ஒன்று. அடப்பாவி, என்ன காரியம் பண்ணி வைத்திருக்கிறாய்!

"எல்லாம் போச்சுக்கா," என்றேன். "தப்புப் பண்ணிட்டேன். எல்லாத்து மேலயும் இந்த ஒண்ணுதான் ஏறியிருக்கு."

"பழைய போனு?"

"அழிச்சுட்டேங்கா."

அதன்பிறகு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக அலைந்தேன். எதுவும் மீளவில்லை. ஆனால் அன்றைக்கு அந்த நிமிடத்தில், அவள் ஏசுவாள் என்றுதான் காத்திருந்தேன். ஏசியிருந்தால் தேவலை.

"எல்லாத்தையும் போடு," என்றாள்.

"எல்லாம் ஒண்ணுதாங்கா."

"போடுன்னு சொல்றேன்ல."

நூற்றுப் பதினேழையும் போட்டேன். ஒவ்வொன்றுக்கு முன்னாலும் அவள் லேசாகச் சாய்ந்து காதைக் கொடுத்தாள். ஒவ்வொன்றிலும் அத்தான் அதையேதான் சொன்னார். பின்னால் லோரிச் சத்தம்கூட இல்லை. அதையும் நான்தான் எடுத்திருந்தேன். கடைசியும் முடிந்தது. அவள் கைப்பேசியை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

"அன்னிக்கு நான் சாப்புடல," என்றாள். "எட்டர மணிக்குத்தான் வந்தாரு. ஏன் உக்காந்திருந்தேன்னு ஏசுனாரு."

நான் உடைந்து அழுதுவிட்டேன். அவள் எழுந்து போய், ஒரு தட்டில் சோறு போட்டு மீன் குழம்பை ஊற்றி என் முன்னால் வைத்தாள்.

"சாப்புடு."

"நீ?"

"நீ சாப்புடு. நான் கொஞ்சம் இருந்து சாப்புடுறேன்."

அத்தான் பாலம் தாண்டி வீடு வந்து சேரும் நேரம் அது. அக்கா வாசல் பக்கம் பார்த்து உட்கார்ந்தாள். ஒரு வருடமாக அவள் அந்த நேரம் கடக்கும்வரை சாப்பிடாமல்தான் இருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.