திருப்பி அனுப்பக்கூடாது

தாம்பரத்தில் ஆட்டோ ஏறினால் இன்றும் அதே கேள்விதான். "அக்கா கேரளாவா? தமிழ் சூப்பரா பேசுறீங்க!" இலங்கையில் பருத்தித்துறையில் பிறந்து, தமிழைத் தவிர ஒரு மண்ணும் தெரியாத எனக்கு இந்தப் பாராட்டு! முன்பெல்லாம் கோபம் பொத்துக்கொண்டு வரும். இப்போது "ஓம் தம்பி" என்று சொல்லிவிட்டு அஸ்தினாபுரத்தில் இறங்கிக்கொள்கிறேன்.

மகள் தர்ஷினி இங்கேதான் பிறந்தாள். ஆனாலும் இந்த நாட்டுப் பிரஜை இல்லை. என்னைப் போல அகதிதான். தகப்பன் இல்லாத பிள்ளை, சட்டம் படிக்கிறாள். போன வாரம் பரீட்சைக்காகச் சர்வதேசச் சட்டத்தின் அடிப்படைக் கோட்பாடுகளை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். நான் கீரை ஆய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லா நாடுகளும் சமம். செய்த ஒப்பந்தத்தைக் காப்பாற்ற வேண்டும். உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்கு யாரையும் திருப்பி அனுப்பக்கூடாது. இந்தக் கடைசி வரியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சண்டை நேரத்தில் என்னைப் படகேற்றிவிட்ட அம்மா, கரையில் நின்று "திரும்பிப் பாராதை, போ!" என்று கத்தினார். நானும் பார்க்கவில்லை.

"ஒருத்தி தானாகவே ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வர ஆசைப்பட்டால், அதற்கு இதிலே என்ன போட்டிருக்கு?" என்று கேட்டேன்.

"அது எக்ஸாமுக்கு வராதும்மா" என்றாள். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, "அம்மம்மாவுக்கு ரொம்ப முடியலையா?" என்றாள்.

முடியவில்லைதான். அம்மா படுத்த படுக்கையாகிவிட்டார். போக அனுமதி கேட்டால் கிடைக்கும். திரும்ப இந்தியாவுக்குள் விடுவார்களா என்றால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. பக்கத்து வீட்டு ஜெசிந்தா டீச்சர், "இவ்ளோ கிட்ட இருக்கு, லீவுக்குப் போயிட்டு வந்துடுங்களேன்" என்றார். நல்ல மனுசி. அவருக்கு இதையெல்லாம் எங்கேயிருந்து விளக்குவது? அம்மாவின் கட்டிலருகே ஒரு பொழுது இருந்தால் போதும் என்று கிடந்து துடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வீடியோவில் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "நான் வாறன் அம்மா. வாறது வரட்டும்."

"தர்ஷினிப் பெட்டையைத் தனிய விட்டிட்டோ? உன்னை ஆர் வரச்சொன்னது? வந்தியெண்டால் உன்ர முகத்திலயும் முழிக்கமாட்டன்." போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். உள்ளே அவர் அழுவது தெரிந்தது.

"அம்மா... அம்மா..." என்று கைபேசியைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். உள்ளறையிலிருந்து தர்ஷினியும் "அம்மா" என்று கூப்பிட்டாள்.

அவளுக்கு மட்டும் பதில் கிடைத்தது.